எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலைக்குச் சாயம் பூசலாம் என்று கொல்லையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பாக்கெட்டைக் கத்தரித்துக் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கியதும் குப்பென்று அந்த நெடி வந்தது. மூக்குக்குள் ஊசியாக ஏறி, கண்ணில் நீர் கட்டிவிட்டது. அமோனியா. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? காற்று எங்கிருந்து வருகிறது என்று தென்னை மட்டையைப் பார்த்தேன். என் வீட்டுக்கும் அந்த மருந்துக் கம்பெனிக்கும் இடையில் ஒரு ஊரும் ஒரு ரயில் பாதையும் கிடக்கின்றன. நெடி வந்ததோ என் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து. ஆனாலும் பார்த்தேன்.

"இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி. என்னவென்று சொல்வது? ஒன்றுமில்லை என்றேன். பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாக உள்ளே வந்து உட்கார்ந்து, உங்களுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சாயம் எதற்கு என்று கேட்பீர்கள். வருகிற வியாழக்கிழமை மறுபடியும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனியைப் பெரிதாக்கப் போகிறார்கள். இப்போதிருக்கும் அமோனியா டேங்குக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு டேங்கு வருகிறதாம். திருப்பதியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். தமிழில் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்க்க நான்தான் மைக் பிடிக்க வேண்டும் என்று தாசில்தார் சார் சொல்லிவிட்டார். "கொஞ்சம் நீட்டாக வா, மேடையில் நிற்கப் போகிறாய்" என்று தலையைப் பார்த்துச் சொன்னார். போன தடவை நான் மைக் பிடித்தபோது தலை முழுக்கக் கறுப்பாகத்தான் இருந்தது. அதனால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது?

என் உத்தியோகம் இன்னும் அதேதான், அக்கா. மண்டல ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அவுட்சோர்சிங் ஆள். ஒவ்வொரு மார்ச் மாதமும் லிஸ்ட் வரும். அதில் பேர் இருந்தால் இன்னொரு வருஷம் இருக்கலாம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்ததால் ஆபீஸுக்கு நான் ஒரு வசதி. எல்லைப் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் மனு, அர்ஜி என்று வந்தால் என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்களும் அப்படி வந்தவர்தானே. உங்கள் ரேஷன் கார்டில் உங்களைவிட உங்கள் மகள் கோமதிக்கு வயது அதிகமாக இருந்தது. "எம்பொண்ணுக்கே நான் பொண்ணாப் பொறந்துட்டேனாம். கொஞ்சம் பாருப்பா" என்று நீங்கள் கார்டை நீட்டியபோது ஆபீஸே சிரித்தது. நான் அதைத் திருத்திக் கொடுத்தேன். மறுவாரம், நீங்கள் சோறாக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தூக்குச்சட்டி ரசம் வந்தது. அன்றிலிருந்து நான் உங்களுக்குத் தம்பி.

நாங்கள் அர்ஜி எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். வருகிறவர் என்ன கொதிப்போடு வந்தாலும் காகிதத்தில் அது "தாங்கள் தயைகூர்ந்து" என்று ஆரம்பித்து "வேண்டிக்கொள்கிறேன்" என்று முடியும். "எத்தனை தடவ அலைய வெப்பீங்க" என்று ஒருவர் கத்தினால், "பல முறை தங்கள் சமூகத்தில் ஆஜராகியுள்ளேன்" என்று நான் டைப் அடிப்பேன். மேலிருந்து வரும் பதிலுக்கும் அதே மரியாதைதான். சார் "சூஸ்தாம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கப் போவதில்லை என்பது உள்ளர்த்தம். அதை நான் "செஞ்சு குடுத்துடுவாங்க, போய்ட்டு வாங்க" என்று மாற்றிச் சொல்வேன். இரண்டு பக்கமும் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் கூட்டத்தில் மைக் பிடித்தேன்.

ஜூனியர் காலேஜ் மைதானத்தில் ஷாமியானா. வந்தவர்களுக்கெல்லாம் புளியோதரைப் பொட்டலம். பேச வந்தவர்கள் அனைவரும் வேலை கொடுங்கள், தண்ணீர் டேங்க் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் பொட்டலத்தோடு போனார்கள். கடைசியில் நீங்கள் எழுந்தீர்கள். முதல் வாக்கியத்தைத் தெலுங்கில்தான் ஆரம்பித்தீர்கள். உங்களுக்குச் சந்தைத் தெலுங்கு நன்றாகவே வரும். இரண்டாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிட்டீர்கள். "கோவம் வந்தா எனக்குத் தமிழுதான் வருது சார், மன்னிச்சுக்குங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு பேசியது எனக்கு ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம்.

"நான் பள்ளிக்கூடத்துல சோறாக்கறவ. என்னாண்ட நாப்பத்திரண்டு புள்ளைங்க இருக்குது. உங்க டேங்கு பெருசா சின்னதா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு நாளு அது கசிஞ்சுதுன்னா நாங்க எந்தப் பக்கம் ஓடறது? அத்த மட்டும் சொல்லுங்க. எங்க ஊருக்கு இருக்கறது ஒரே வழி. அது உங்க கேட்டு முன்னாடி போவுது. பின்னாடி ஏரி. கேஸு வர்ற பக்கமே ஓடச் சொல்றீங்களா? இந்தப் புள்ளைங்கள இட்டுக்கினு நான் எங்க போறது? இத்தினி பேரு படிச்சவங்க உக்காந்துக்கினு கீறீங்க. யாராவது ஒருத்தர் கைய நீட்டிக் காட்டுங்க, இந்தப் பக்கம் ஓடுங்கன்னு."

நீங்கள் நிறுத்தினீர்கள். மேடை என்னைப் பார்த்தது. முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "யார் இந்தம்மா?" என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். டேங்க் கசியும் என்ற வார்த்தையை என் வாயால் அந்த மைக்கில் எப்படிச் சொல்வது? நான் தெலுங்கில் சொன்னது இவ்வளவுதான்: "தங்கள் குடியிருப்புக்குச் சாலை வசதி போதவில்லை என்று அம்மா சொல்கிறார். தயைகூர்ந்து பரிசீலிக்குமாறு வேண்டுகிறார்."

அதிகாரி நிம்மதியாகத் தலையாட்டினார். "ரோட்டு. ராஸுகோண்டி" என்று பக்கத்திலிருந்தவரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, உங்களைப் பார்த்து "சூஸ்தாம் அம்மா" என்றார். நான் உங்கள் பக்கம் திரும்பி, "கண்டிப்பா செஞ்சு குடுக்கறாங்களாம் அக்கா" என்றேன்.

உங்களை ஒரு வம்பிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். இதுதான் இதில் அசிங்கமான பகுதி. பயந்தேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெலுங்கு புரியும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று பயந்து ஒரு மணி நேரம் ரெக்கார்டு ரூமில் ஒளிந்திருந்தேன். நீங்களோ நேரே ரெக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டீர்கள். "ரசம் பத்தலன்னா தண்ணி ஊத்தலாம் தம்பி, ஊர்ல எல்லாரும் ஊத்தறதுதான். என் பேச்சுல இன்னாத்துக்கு ஊத்தின?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டதால் கையிலிருந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒரு வருஷத்துக்குள் ரோடு வந்துவிட்டது! எங்கள் ஆபீஸ் சரித்திரத்திலேயே இத்தனை வேகமாக ஒரு கோரிக்கை நிறைவேறியதில்லை. உங்கள் காலனியிலிருந்து கம்பெனி கேட்டைத் தொட்டுக்கொண்டு ஹைவே வரைக்கும் பளபளவென்று சிமென்ட் ரோடு. அதே ஒரே வழிதான். அதன் மேலேயே சிமென்ட் போட்டுவிட்டார்கள். திறப்பு விழாவில், "ரோடு கேட்ட அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்று மைக்கில் அழைத்து உங்களுக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் நீங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் நின்ற இடத்துக்கு வந்து, சால்வையைக் கழற்றி என் தோளில் போட்டீர்கள். "ரோடு கேட்டது நீதான. நீயே வெச்சுக்க" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் அதை ஏதோ அக்கா தம்பி பாசம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அந்த ரோட்டில்தான் அக்கா, அந்தக் காலையில் எல்லோரும் ஓடினார்கள்.

எனக்கு ஆபீஸுக்குப் போன் வந்தபோது பத்தரை மணி. கம்பெனியில் ஏதோ வால்வு போய்விட்டதாம், வாசனை அடிக்கிறதாம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நான் வந்து சேர்வதற்குள் பாதி முடிந்திருந்தது. ஜனங்கள் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நெடி வந்ததும் காலனி முழுக்க ரோட்டில் இறங்கியிருக்கிறது. அது பழையபடி நடக்கவே லாயக்கில்லாத மண் பாதையாக இருந்திருந்தால் யாராவது ஒரு கணம் நின்று யோசித்திருப்பார்கள். ரோடு நன்றாக இருந்ததால் வேகமாகவே ஓடினார்கள். கேட்டுக்கு நேராக. அங்கே போனதும் மூச்சு முட்டி, கண் தெரியாமல், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து திரும்பி வந்தார்கள்.

நீங்கள் மட்டும் ரோட்டில் இறங்கவில்லை. புடவைகளையும் பிள்ளைகளின் டவல்களையும் குடத்துத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டி, வேலிக்காத்தான் முள்ளைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, பிள்ளைகளை ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறீர்கள். கரையில் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று. ஒரு பெண் குழந்தை குறைந்தது. மறுபடியும் உள்ளே போனீர்கள். அவள் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வந்து பார்த்தபோது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று இருமிக்கொண்டிருந்தீர்கள். கை முழுக்க முள் கீறிய ரத்தம். என்னைப் பார்த்ததும் குழந்தையை என் கையில் கொடுத்தீர்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று நீங்கள் அப்போது என்னைக் கேட்டிருக்கலாம், அக்கா.

பதினேழு பேரைச் சூளூர்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் வீடு திரும்பிவிட்டார்கள். அன்று மாலை மேலே அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். "லேசான வாசனை காரணமாகப் பொதுமக்கள் முன்னெச்சரிக்கையாக வெளியேறினர்." யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக அடித்தது.

அதற்குப் பிறகு உங்கள் இருமல் நிற்கவேயில்லை. சர்க்கரையும் இருந்தது, இதயமும் ஏற்கெனவே பலவீனம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். உங்களைக் கொன்றது அந்தக் காலைதான் என்று நான் எழுத முடியாது, எனக்குத் தெரியாது. இல்லை என்று எழுதவும் எனக்குத் தைரியமில்லை. மார்கழியில் திருப்பதி பெரியாஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்திருப்பதாகக் கோமதி போன் செய்தாள். வந்தேன். உங்கள் கட்டிலருகே நின்ற சின்ன டாக்டர், பாதி இங்கிலீஷும் பாதித் தெலுங்குமாக என்னிடம் விஷயத்தைச் சொன்னார். நாள் கணக்கில்தான், வீட்டாரைத் தயார்படுத்துங்கள் என்றார். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னா சொல்றாரு?" என்று கேட்டீர்கள். நான், "மருந்து புடிச்சுக்கினு வருதாம். ரெண்டு நாளுல வூட்டுக்குப் போலாமாம்" என்றேன்.

"அவரு மூஞ்சி வேற இன்னாவோ சொல்லுதே தம்பி" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். அது ஒரு கருணை என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். மகளிடம் என்ன சொல்ல வேண்டும், எதை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று நீங்கள் யோசித்துக்கொள்ள இரண்டு நாள் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கோமதி இப்போது அந்தக் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள். நேற்றுச் சந்தையில் பார்த்தேன். "மாமா, கூட்டத்துக்கு எங்களையும் பஸ்ஸுல இட்டுக்கினு வராங்க. அம்மா பேசினதெல்லாம் அங்க எடுத்துடாதீங்க. நான் அங்கதான் வேல செய்யணும்" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தானே? நான் அவளுக்குத் தலையாட்டினேன். யாராவது எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் இந்தத் தடவை முழுசாக மொழிபெயர்த்துவிடுவது, அதற்கு மேல் என்னால் முடியாது என்று முடிவு செய்திருக்கிறேன். சாயம் காய்ந்துவிட்டது. மீதித் தலையையும் முடிக்க வேண்டும்.

*

அக்கா, இன்று செவ்வாய்க்கிழமை. மேலே எழுதியது போன வாரம். இதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூட்டம் நடந்தது. போன தடவையைவிடப் பெரிய ஷாமியானா, நாலு ஏர்கூலர், பெரிய திரையில் மரம் நடும் படங்கள். முதல் மூன்று வரிசையில் கம்பெனியின் நீலக் கோட்டுப் போட்டவர்கள். இரண்டாவது வரிசை ஓரத்தில் கோமதி. பேசுகிறவர்களின் பேர்ப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருந்தது. பன்னிரண்டு பேரும் பாராட்டினார்கள். தமிழில் பேசிய நாலு பேரை நான் அச்சு மாறாமல் மொழிபெயர்த்தேன். பாராட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"இன்கா எவரைனா?" என்று அதிகாரி கேட்டார். வேறு யாராவது பேச வேண்டுமா என்று. நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் காலனி ஜனங்கள் பின்னால் நின்றிருந்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்பட்ட பதினேழு பேரில் எட்டுப் பேரையாவது என்னால் அடையாளம் காண முடிந்தது. ஒருவரும் எழவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அவர்கள் கேட்டதை எல்லாம் நாலு வருஷமாகப் பதமாக்கிக் கொடுத்தவன் நான். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நீங்கள் இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

அதிகாரி காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். "சார், நாகு ஒக ப்ரஷ்ன உந்தி" என்றேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தாசில்தார் சார் என் பக்கம் திரும்பிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. நீங்கள் பேசியதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே வழி, பின்னால் ஏரி, எந்தப் பக்கம் ஓடுவது, யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டுங்கள். "தயைகூர்ந்து" என்ற வார்த்தை நாலு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"இது யாருடைய கேள்வி?" என்று அதிகாரி கேட்டார். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் பேரைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அக்கா. "நாதே சார்" என்றேன். என்னுடையதுதான் என்று. அவளுக்காக உங்கள் பேரை மறைத்ததை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

அதிகாரி கம்பெனி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் எழுந்து, விதிமுறைப்படி வருடம் இரண்டு முறை ஒத்திகை நடத்துகிறோம் என்றார். ஒத்திகை எங்கே நடக்கிறது? கம்பெனிக்கு உள்ளே. ஓடிப்போய்க் கூடுகிற இடமும் உள்ளேதான். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். "சூஸ்தாம்" என்றார்.

அப்போது கோமதி எழுந்து நின்றாள். நீலக் கோட்டோடு.

"இன்னா சொன்னாங்க மாமா?"

பத்தாவது வரைக்கும் தெலுங்கில் படித்த பெண், அக்கா. அந்த ஷாமியானாவில் என் மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஆட்களில் அவள் முதல். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. "பரிசீலன பண்றாங்களாம்மா" என்று நாக்கு தயாராகவே இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம் அல்லவா?

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "எந்தப் பக்கம் ஓடறதுன்னு அவங்களுக்கும் தெரியல."

பிறகு பின்னாலிருந்து ஒரு ஆள், "அப்ப அத்தயே எழுதிக்கச் சொல்லு! தெரியலன்னு எழுதிக்கச் சொல்லு!" என்று கத்தினார். இன்னும் ரெண்டு மூன்று பேர் கத்தினார்கள். யாரோ ஒரு அம்மா, அன்றைக்குத் தன் மாமனாரை ரோட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தேசிய கீதத்தைப் போட்டுக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு இருக்கும் பயங்களைச் சொல்கிறேன். கோமதியிடம், கூப்பிடும்போது வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். நேற்று அவள் வீட்டுக்குப் போய், என்னால்தான் இப்படி ஆயிற்று என்றேன். "எழுந்து நின்னது நானு. அதுக்கு நீங்க ஏன் மாமா அழுவுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காபி கொடுத்தாள். அவள் பயப்படவில்லை என்று நினைக்காதீர்கள். போன் அடிக்கும்போதெல்லாம் கம்பெனிதானோ என்று எடுத்துப் பார்த்தாள். இன்னொரு பயம் அந்த இரண்டு டேங்குகள். அவை வரத்தான் போகின்றன. பள்ளிக்கூடத்தில் இப்போது வேறொரு அம்மா சோறாக்குகிறாள். புதிது. பிள்ளைகளின் பேர்கூட அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

மூன்றாவது பயம் என் மேஜை மேல் இருக்கிறது. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அடிக்கும் வேலை என்னுடையது. இடது பக்கக் கட்டத்தில் கேள்வி, வலது பக்கக் கட்டத்தில் பதில். உங்கள் கேள்வியை முழுசாக அடித்தேன். எதிரே, "பதில் அளிக்கப்படவில்லை" என்று அடித்து வெள்ளிக்கிழமையே சார் அறையில் வைத்தேன். இன்று காலை திரும்பி வந்திருக்கிறது. என் வரிமேல் சிவப்பு மையால் கோடு கிழித்துவிட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்று தன் கையால் எழுதியிருக்கிறார். மதியத்துக்குள் திருத்தி அடித்து, சரிபார்த்தேன் என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மார்ச் வருதில்லப்பா" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.

இப்போது பன்னிரண்டே கால். அந்தக் காகிதத்தை அடிக்காமல் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்குத் தைரியம் ஒட்டிக்கொண்டது என்று எழுதினால் அது பொய். இரண்டு முறை பாத்ரூம் போய்விட்டு வந்தேன். வீட்டில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்கு என்னிடம் பதிலில்லை, அவர்களிடமும் இல்லை. பதில் இல்லை என்பதையாவது யாராவது ஒருவர் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால், கேட்டோம், சொல்லவில்லை என்று காட்டுவதற்கு அந்த ஒரு வரிதான் பிள்ளைகள் பக்கம் இருக்கும். சார் வேண்டுமானால் வேறு ஆளை வைத்து அடித்துக்கொள்ளட்டும். என் கையெழுத்து அதற்குக் கீழே வராது.

எழுந்து அவர் அறைக்குப் போகிறேன், அக்கா. எப்படிப் பக்குவமாக ஆரம்பிப்பது, எந்த இடத்தில் தயைகூர்ந்து போடுவது என்று தலை பழக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. போட வேண்டாம் என்று அதட்டி வைத்திருக்கிறேன். மாற்ற மாட்டேன், சார். மொத்தமே மூன்று வார்த்தை. கதவைத் தட்டும் வரைக்கும் அது மூன்றாகவே இருந்தால் போதும்.